வேறொருவரின் பனி

கேள்வியைக் கேட்டு முடித்த பிறகும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“பனிக்குள்ள புதைஞ்சு போனாரே உங்க சிநேகிதர், அவர் இப்பவும் கனவுல வர்றாரா?”

எதிரே இருந்த தணிகாசலம் கைக்குட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“அது நான் இல்லீங்க மேடம். எனக்கு நெருப்பு.”

நெருப்புதான்.

எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவர். முன்னால் போன வண்டி தீப்பிடித்தது. உள்ளே அவர் சிநேகிதன் வர்கீஸ். கதவு திறக்கவில்லை.

இங்கே வர ஆரம்பித்த பிறகும் இதைச் சொல்ல அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஓய்வு பெற்று, மகளுக்குக் கல்யாணம் முடித்து, பேரனும் பிறந்த பிறகு, மனைவியிடம்கூடச் சொல்லாததை இந்த அறையில் வந்து சொன்னார். அன்று அவள்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“மன்னிச்சிடுங்க” என்றாள்.

“பரவால்லீங்க. எவ்ளோ பேரப் பாக்கறீங்க.”

பனி வீரபத்திரனுடையது. அவரும் இதே நாற்காலியில்தான் உட்காருவார்.

போன மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சேதி வந்தபோது வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு அடுத்தவரை வரச் சொன்னாள். மதியம் சாப்பிட்டாள். நன்றாகப் பசித்தது.

வேலூருக்கு, முன்னாள் ராணுவத்தினருக்கான இந்த மருத்துவமனைக்கு, மனநல மருத்துவராக வந்த புதிதில் அவள் இப்படி இல்லை. சாயங்காலம் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுவாள். பிறகு ஒரு கட்டத்தில் அழுகை நின்றது. தொழில் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால் வாய் அசைவது மட்டும் தெரியும்.

தணிகாசலம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பனிக்காரரு இப்போ எப்படி இருக்காருங்க?”

“நல்லா இருக்கார்.”

யோசிக்காமலே வந்தது, தினமும் எழுதும் மாத்திரையின் பெயர் மாதிரி.

அவர் தலையாட்டினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். மனுஷன் தேறிவிட்டார் போல என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். அந்தத் தெம்பில், வர்கீஸ் இப்போதெல்லாம் கனவில் வாய் திறந்து பேச ஆரம்பித்திருக்கிறான் என்றார். என்ன பேசுகிறான் என்று சொல்லத்தான் முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்தாராம்.

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மணி அடித்தது.

அவளுடைய விரல்தான் அழுத்தியிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அடுத்தவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

தணிகாசலம் இழுத்த மூச்சை விட்டார்.

அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. எழுந்து, நாற்காலியை வந்தவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“உக்காருங்க” என்றார் அவரிடம். “செத்துப்போனவரு பேர மட்டும் மொதல்லயே சொல்லிடுங்க.”

வெளியே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

புதியவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னார். சொன்னதுமே அவர் கண் கலங்கிவிட்டது.

அவள் தலையசைத்தாள். பேனாவை எடுத்தாள்.

“என்ன பேர் சொன்னீங்க?”