நான்காவது வில்லை

இன்குபேட்டரைத் திறந்ததும் பிரேமலா முதலில் பார்த்தது வேர்ச் சாற்றின் வில்லையைத்தான்.

கண்ணாடித் தட்டில் பாலாடைபோல் கிருமிகள் படர்ந்திருந்தன. நடுவே, ஒரு காட்டுச் செடியின் நான்கு சாறுகளில் நனைத்த நான்கு காகித வில்லைகள். வேர்ச் சாறு வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாத ஒரு தெளிந்த வட்டம். பதினான்கு மில்லிமீட்டர்.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

சாஆ என்ற சிற்றூருக்கு அப்பால், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் சரிவில் மட்டுமே அந்தச் செடி இருந்தது. மொத்தம் ஒன்பது. அடுத்த கட்ட ஆய்வுக்கு ஆறையாவது வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் அவள் கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது.

தண்டு: ஒன்றுமில்லை. பச்சை இலை: சொல்லும்படி இல்லை.

நான்காவது வில்லையில் அவள் பார்வை நின்றது. அளவுகோலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அதே சோதனை வைத்த மற்ற இரண்டு தட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒன்றுபோல.

தன் கண்ணையே நம்பாமல் ஆய்வக உதவியாளர் மணியத்தைக் கூப்பிட்டாள்.

"பத்தொன்பது, டாக்டர். வேரையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சு லா!" என்றார் அவர்.

சாறுகளைப் பிரித்து வைத்திருந்த தகட்டைப் புறஊதா விளக்கின் கீழ் பிடித்தார்கள். வேரில் ஒளிர்ந்த அதே நீலப் புள்ளி, அதே உயரத்தில் நான்காவது சாற்றிலும் இருந்தது. இன்னும் பளிச்சென்று. கிருமியைத் தடுக்கும் பொருள் இரண்டிலும் ஒன்றுதான்.

பிரேமலா விண்ணப்பத்தை நான்காகக் கிழித்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாஆவுக்குப் போன் அடித்தாள்.

எடுத்தது, தோட்டத்தில் களையெடுக்கும் செல்வராணி. செடியை முதலில் காட்டியவள் அவள்தான். போன மாதம் பிரேமலா மண்வெட்டியோடு குனிந்தபோது குறுக்கே வந்து நின்றவளும் அவள்தான். ஒரு வேருக்கு மேல் தொட விடவில்லை. செடிகளுக்கடியில் உதிர்ந்து கிடந்த சருகை இரண்டு கையாலும் வாரி, அரிசிப் பையில் திணித்துக் கொடுத்தனுப்பினாள்.

மறுக்கக் கூச்சப்பட்டுத்தான் பிரேமலா அதையும் அரைத்து, நான்காவது வில்லையாக வைத்திருந்தாள்.

"வேர் வேணாங்க்கா. உங்க சருகே போதும்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"அப்ப சாயங்காலமே கூட்டி வச்சிடுறேன். நீங்க அந்த மண்வெட்டிய மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க, டாக்டர்!"