வாசிக்காமல் விட்ட வரி

கலெக்டர் துரையின் மொழிபெயர்ப்பாளர் சவரிராயன் அன்று ஐந்தாவது ஊரில் சர்க்கார் உத்தரவை வாசித்தார். பட்டா இல்லாத மலையடிவார நிலமெல்லாம் இனி சர்க்காருக்குச் சொந்தம். ஆட்சேபம் உள்ளவர்கள் தொண்ணூறு நாளுக்குள் மனுக் கொடுக்கலாம் என்ற கடைசி வரியை மட்டும் அவர் வாசிக்கவில்லை. வாசித்தால் ஊரே மனு எழுதித் தரச் சொல்லிச் சூழ்ந்துகொள்ளும். துரையோ குதிரையில் ஏறிவிட்டார்.

மாடத்தி என்ற பெண் சவரிராயனின் குறுக்கே வந்து நின்றாள். "நாலு தலைமுறையா சாம வெதைக்கிற நெலம் ஐயா. ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆகாதும்மா, வழியை விடு."

நான்காம் மாதம் அவள் நிலத்தில் எல்லைக்கல் நட்டார்கள். மனுவுக்கான கெடு முடிந்துவிட்டது என்றார்கள். மாடத்தி இருபது மைல் நடந்து கச்சேரிக்கு வந்தாள்.

"கெடு இருக்குன்னு யாருமே சொல்லல, தொரையே. ஒண்ணும் ஆவாதுன்னாவ. இந்த ஐயாவே சாட்சி."

"என்ன சொல்கிறாள்?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் சவரிராயனின் வேலை போய்விடும். இருபத்திரண்டு வருட உத்தியோகம். "கெடு தெரிந்தும் வர முடியவில்லையாம். மன்னிக்கும்படி கெஞ்சுகிறாள்" என்று இங்கிலீஷிலேயே சொன்னார்.

துரை முடியாது என்று தலையசைத்தார்.

வெளியே வந்ததும் மாடத்தி சவரிராயனைக் கும்பிட்டாள். "நெலம் போனா போவுது. எங்களுக்காவ வாயத் தொறந்தது நீங்க ஒருத்தருதான். நல்லா இருக்கணும் ஐயா."

சவரிராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் படியிறங்கி நடந்துவிட்டாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவர் கூப்பிடவில்லை.