திருந்திய வக்கீல்

"கட்சிக்காரர் கையெழுத்தைப் போலியாப் போட்டது நீங்கதானே?" என்று கேட்டார் விசாரணைக் குழுத் தலைவர்.

தொழில் உரிமையைத் திரும்பக் கேட்டு வந்திருந்த பெண் வக்கீல் தலைகுனிந்து நின்றார்.

"ஆமாங்க ஐயா, நான்தான். புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சுட்டேன்."

"போன தடவை இல்லவே இல்லைன்னு சாதிச்சீங்களே?"

"அப்போ உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லைங்க."

குழுவே நெகிழ்ந்துபோனது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்த நேர்மையைத்தாம்மா நாங்க எதிர்பார்த்தோம். இனி நீங்க தாராளமா கோர்ட்டுக்குப் போகலாம்."

வாசலில் தவித்துக்கொண்டிருந்த கணவரிடம் அவர் ஓடிவந்து செய்தியைச் சொன்னார்.

"எப்படி மனசு மாறினாங்க?"

"கையெழுத்து நான் போட்டதுதான்னு ஒத்துக்கிட்டேன்."

கணவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடிப்பாவி! அந்தக் கையெழுத்து விழுந்த அன்னைக்குத்தானே நம்ம பாப்பா பிறந்தா! நீ பிரசவ வார்டுல கிடந்தியே!"

"அதைச் சொன்னப்பல்லாம், திமிர் பிடிச்சவ, இன்னும் திருந்தலைன்னு விரட்டினாங்க," என்றபடி கறுப்புக் கோட்டை உதறி மாட்டிக்கொண்டார். "இன்னைக்குத்தான் முதல் தடவையா அவங்ககிட்ட பொய் சொன்னேன். உடனே வக்கீலாச் சேர்த்துக்கிட்டாங்க."