கூரைமேல் மழை

ஹவாய் எரிமலைச் சரிவில், செவ்வாய்க் கிரகத்தில் வாழ்வதற்கு ஒத்திகை பார்க்கவென்று கட்டிய வெள்ளைக் கூடாரத்துக்குள், நொஹேயா கதவுத் தாழில் கை வைத்து நிற்கிறாள். வட்டச் சன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். வெளியே மழை, விசிறியின் இரைச்சல் அதன் ஓசையைப் பாதி விழுங்குகிறது. கவச உடையில்லாமல் வெளியே கால் வைத்தால் ஆறு பேரின் எட்டு மாதச் சோதனை வீணாகிவிடும். ஆனாலும் விரல்கள் தாழை விடவில்லை. "செவ்வாயில ஏதுடி மழை? மணல்தான் அடிக்குது. வந்து பட்டாணிய ஊறப்போடு," என்கிறாள் குழுத்தலைவி ரூத். "கீழ ஹிலோ ஊருல எங்கம்மா இப்ப கொடியில கெடக்குற துணிய எடுக்க ஓடுவாங்கக்கா. தனியா." என்கிறாள் நொஹேயா. ரூத் எழுந்து போய் விசிறியை நிறுத்துகிறாள். கூடாரம் முழுவதும் மழைச் சத்தம் நிறைகிறது. நொஹேயா கண்களை மூடிக்கொள்கிறாள்; அவள் கை தாழிலிருந்து மெல்ல இறங்குகிறது.