ரேடியேட்டருக்குள் சாராயம்

வைகாசி பிறந்து பத்து நாளாகியும் வானம் கண் திறக்கவில்லை. பாசனச் சானலில் ஓடுவதே முழங்கால் தண்ணீர். அதுவும் இந்த வாரம் சானல் முடிகிற இடத்தில் வயல் வைத்திருக்கும் கடைவரம்புக்காரர்களின் முறை. வழியில் எந்த வயலுக்காவது ஒரு சொட்டு போனால் சானல் வாச்சர் முத்துநாயகத்தின் சீட்டு கிழிந்துவிடும் என்று ஓவர்சீயர் சொல்லியிருந்தார். தற்காலிக வேலை. வீட்டில் ஐந்து வயிறு.

முத்துநாயகம் மடைப்பலகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, மடைமேலேயே உட்கார்ந்துவிட்டார். காக்கை தண்ணீர் குடிக்க வந்தாலும் முறைத்துப் பார்த்தார்.

காலை ஒன்பது மணிக்கு ராஜையனின் பழைய பட்டாளத்து டீசல் லாரி, மூக்கில் ஆவி பறக்க, சானல் கரையில் வந்து நின்றது.

"அண்ணாச்சி, ரேடியேட்டர்ல கல்லு புடிச்சுப் போச்சு. சோடா உப்பு போட்டு ஓட்டியாச்சு. இனி அலசி விடணும். நாலு டின் தண்ணி எடுத்துக்கிடட்டா?"

வண்டிக்கும் மாட்டுக்கும் தண்ணீர் தரக்கூடாதென்று சட்டம் இல்லை. "எடுத்துக்க" என்றார் முத்துநாயகம்.

எஞ்சின் ஆறும்வரை ராஜையன் காத்திருந்தான். சூட்டில் பச்சைத்தண்ணீர் விட்டால் எஞ்சின் வெடித்துவிடுமாம். பிறகு அடிக்குழாயைக் கழற்றினான். துருவும் சேறுமாகக் கொட்டி, லாரிக்கு அடியில் கரைச்சரிவுப் பக்கம் வழிந்தது. மேல்மூடியைத் திறந்து முத்துநாயகத்தின் பக்கம் வைத்துவிட்டு நாலு டின் ஊற்றினான். முத்துநாயகத்தின் மூக்கு விடைத்தது. பட்டைச் சாராயம்!

ஆரல்வாய்மொழி எல்லைக்கு அந்தப்புறம் மதுவிலக்கு. லாரிக்காரர்கள் டயருக்குள்கூடச் சாராயம் கடத்துகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கையும் களவுமாக ஒரு கள்ளனைப் பிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகாமல் எங்கே போகும்?

"ஏலே, இதுக்குள்ள என்ன வச்சிருக்கே?"

ராஜையனின் முகம் செத்துப்போயிற்று. "வெறும் தண்ணியாக்கும் அண்ணாச்சி. நாலு டின் ஊத்தியாச்சு. நான் புறப்படுகேன்."

"நில்லுலே அங்க! இனி நான் ஊத்துகேன்."

முத்துநாயகம் டின்னைப் பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிச் சானலில் இறங்கி, மொண்டு, ஏறி, ஊற்றினார். பிறகு ஓடிப்போய் அடியில் குனிந்து, வருவதை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தார். மூடியில் மணக்கிறது, தண்ணீரில் மணக்கவில்லை. அப்படியானால் சரக்கு உள்ளே வெகு ஆழத்தில் பதுங்கியிருக்கிறது என்பது அவர் கட்சி.

பத்தாவது டின்னில் ராஜையன் பதறினான். "மதி அண்ணாச்சி, மதி! இனி ஊத்தாண்டாம்!"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? முத்துநாயகம் இன்னும் வேகமாக மொண்டார்.

முப்பதாவது டின்னில் ராஜையன் அவர் காலில் விழுந்தான். "உம்ம புள்ளையளை நெனச்சாவது நிறுத்தும் அண்ணாச்சி!"

"பயப்படுகியா? பயப்படுலே, நல்லா பயப்படு!"

ஐம்பதில் தண்ணீர் கண்ணாடியாக வந்தது. எழுபதில் முத்துநாயகத்துக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தொண்ணூறில் ராஜையன் தலையில் கைவைத்து உட்கார்ந்தே விட்டான். சாராயத்தைத்தான் காணோம். நூறாவது டின்னோடு முத்துநாயகம் கரையேறியபோது, ஓவர்சீயரின் சைக்கிள் வந்து நின்றது.

"சாரே, கள்ளனைப் பிடிச்சிட்டேன்! ரேடியேட்டர் நிறைய சாராயம். மூடியை மோந்து பாருங்க!"

ஓவர்சீயர் மூடியை முகர்ந்தார். உள்ளே விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "உள்ள நல்ல தண்ணிடே. மூடியில மட்டும் ஒரு கரண்டி சாராயம் தடவியிருக்கு."

ராஜையன் கைகட்டி நின்றான். "நான் நாலு டின்தான் சாரே கேட்டேன். மதி மதின்னு கால்ல விழுந்தும் அண்ணாச்சி கேக்கல்ல."

ஓவர்சீயர் லாரிக்குப் பின்னால் போய், கரைச்சரிவில் கீழே பார்த்தார். போன வேகத்திலேயே திரும்பி வந்து, முத்துநாயகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

சுற்றுவட்டாரத்து வயலெல்லாம் வெடித்துக் கிடக்க, கீழே ராஜையனின் இரண்டு சென்ட் நாற்றங்கால் மட்டும் தண்ணீர் தளும்ப நின்றது. தண்ணீரைத் திருடிய டின் முத்துநாயகத்தின் கையில் இருந்தது.