படகு கண்டக்டர்

“படகு கண்டக்டர்! ஏரியில எறங்க ஒரு டிக்கெட் குடு!”

பஸ்ஸில் யாரோ குரல் கொடுக்க, கூட்டமே சிரித்தது. வரதனும் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தான்.

பின் சீட்டில் இருந்த எல்லம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண்டக்டர் அவள் கூடப்பிறந்த தம்பி.

உத்திரமேரூரில் அவன் டியூட்டி முடிந்து இறங்கினதும் பிடித்துக்கொண்டாள்.

“டேய் வரதா, வர்ற வெள்ளிக்கெயம எம்பொண்ணு அம்முலுவுக்கு தட்டு மாத்துறோம். தாய்மாமன்னு சபையில நிக்கப்போறவன் நீ. மாப்ள பையனோட அம்மா எங்கிட்ட இன்னா கேட்டாங்க தெரியுமா? ‘உங்க தம்பி பொம்ம படகு வெச்சிக்கினு வெளையாடுறாராமே, புத்தி சரியாத்தானே கீது’ன்னு கேட்டாங்க. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சி.”

“பொம்ம இல்லக்கா. என் மச்சான் கப்பல்ல கீறாரில்ல, அவுரு சீமையிலேர்ந்து அனுப்புறாரு. பெட்டிக்குள்ள துண்டு துண்டா பலகை இருக்கும். படத்தைப் பாத்து ஒட்டணும். எல்லாம் நெஜமா ஓடுன படகு. ஒலகத்துலயே வேகமா ஓடி ஜெயிச்சது.”

“எவ்ளோ வேகம்?”

“அது வந்து... வூட்டுக்கு வா, சொல்றேன்.”

வீட்டில் சுவர்ப் பலகை மேல் மூன்று படகுகள் பளபளவென்று நின்றன. நாலாவது பாதியில் கிடந்தது. மீன்முள் மாதிரி உள்ளெலும்பு, முன்னால் ரெண்டு பக்கமும் நண்டுக் கொடுக்கு மாதிரி நீட்டல்.

“இதா வேகமா ஓடிச்சி?”

வரதன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினான்.

“மணிக்கு இருநூத்தி அறுபது மைல், அண்ணி,” என்று உள்ளேயிருந்து அவன் பெண்சாதி சுலோச்சனா குரல் வந்தது.

“போச்சிடா! உன் பைத்தியம் அவளுக்கும் ஒட்டிக்கினு கீதா?”

எல்லம்மாள் உள்ளே போனாள். அடுப்பில் வெந்நீர்ச் சட்டி. அதற்குள் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் பழுப்பாய், கெட்டியாய் என்னவோ இளகிக்கொண்டிருந்தது. அவளுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

“அதிரசத்துக்குப் பாகா? அண்ணி வரான்னு தெரிஞ்சே வெச்சியா?” என்றவள், ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

“அய்யய்யோ அண்ணி! அது வஜ்ஜிரம்! ஆசாரிங்க மரம் ஒட்டுற பசை!”

தூ தூவென்று துப்பிவிட்டு நிமிர்ந்தவளுக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது.

“கொயம்பு கொதிக்க வேண்டிய அடுப்புல பசை கொதிக்குதா? வெளங்கும் குடும்பம்!”

கூடத்துக்குப் பாய்ந்தாள். பாதிப் படகை ஒரு கையால் அள்ளினாள்.

“இத்த அடுப்புல வெச்சாத்தான் எம்பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கும்!”

“வாணாம்க்கா,” என்றான் வரதன். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

ஓடி வந்தது சுலோச்சனா.

“அண்ணி, படகு மூக்கைப் புடிக்காதீங்க! இன்னும் காயல!”

கைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி, அடியில் ரெண்டு கையும் கொடுத்துப் படகை வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் எல்லம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். பத்து விரலிலும் காய்ந்த பசை தோல் தோலாய் உரிந்துகொண்டிருந்தது. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. தம்பி கையில் டிக்கெட் மையைத் தவிர ஒன்றும் இல்லை.

எல்லம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“எவ்ளோ நாளாடி?”

“மூணு வருசமா, அண்ணி. எங்கண்ணன் எனக்குத்தான் அனுப்புறாரு.”

“ஏண்டா பாவி, அப்ப ஊரெல்லாம் உன்னக் கேலி பண்ணுது, நீ பல்லக் காட்டிக்கினு நிக்கிற?”

வரதன் குரலைத் தணித்தான்.

“ஆம்பள வெளையாடுனா, கிறுக்கன்னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்கக்கா. கல்யாணமாயி எட்டு வருசம், வவுத்துல ஒண்ணுமில்லாதவ குந்திக்கினு பொம்ம செய்யிறான்னா, இன்னா பேசுவாங்கன்னு உனுக்குத் தெரியாதா? இவ இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிறா. அத்த எதுக்குக் கெடுக்கணும்?”

எல்லம்மாள் புடவை மடியில் விழுந்திருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்து, கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மானாம்பதியில் எல்லம்மாள் வீடு கொள்ளாத கூட்டம். பழையசீவரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாளம்மாள் தட்டை எடுத்தாள். நீட்டப் போனவள், வரதனைப் பார்த்ததும் கையை நிறுத்திக்கொண்டாள்.

“இவருதானா அந்தப் படகுக்காரரு? நெசமாவே இவருதான் கட்டுறாரா?”

வரதன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் பக்கம் நின்றிருந்த சுலோச்சனா ரெண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

‘சுலோச்சனா’ என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் தம்பி மானமும் தப்பும், தட்டும் கைக்கு வரும்.

எல்லம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அவன்தான் கட்டுறான், சம்பந்தி. ஆனா அவன் மேல தப்பில்ல. சின்ன வயசுல கத்துக்குடுத்துக் கெடுத்தவ நான்தான். எனக்கே இன்னும் அந்தக் கிறுக்கு தெளியல. தட்டு குடுக்குறதுன்னா, இத்தத் தெரிஞ்சிக்கினே குடுங்க!”

ஆண்டாளம்மாள் சிரித்த சிரிப்பில் வெற்றிலையெல்லாம் சரிந்து, தட்டோடு எல்லம்மாள் கையில் வந்து விழுந்தது.