காலர் மட்டும் இறுக்கம்

“சட்டை தொளதொளன்னு தொங்குது, காலர் பட்டனை மட்டும் போட முடியல. உங்க தையல்லதான் எங்கேயோ கோளாறு, அக்கா.”

தையல்காரி கத்திரியைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷமாக இந்தப் பெண்ணுக்குத் துணி தைக்கிறாள். ஒருநாளும் குறை என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

“கோளாறு கத்திரியிலயா, கழுத்துலயான்னு அளந்து பார்த்துடுவோம். இப்படி வெளிச்சத்துல வந்து நில்லுங்க.”

இடுப்பு, தோள், கழுத்து என்று அளந்துவிட்டுப் பழைய அளவு நோட்டைப் புரட்டினாள். அவள் நெற்றி சுருங்கியது.

“ஆறு மாசத்துல இடுப்பு ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கு. கழுத்து மட்டும் முக்கால் அங்குலம் கூடியிருக்கு. இது என்ன கூத்து?”

“வேலை அலைச்சல்தான். சர்க்கரை வேற ஏறிக்கிட்டே போகுது. இனிப்பைத் தொடறதே இல்ல, தினமும் நடக்கிறேன், மாத்திரையைக்கூடக் கூட்டிப் பார்த்தாச்சு. இறங்குவேனாங்குது.”

“கையை நீட்டுங்க.”

நீட்டிய விரல்கள் மெல்ல நடுங்கின. தையல்காரி அவற்றைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அந்த உள்ளங்கை வியர்த்திருந்தது.

“நெஞ்சு படபடங்குதா?”

“கொஞ்சம்...”

“போன வருஷம் எனக்கும் இதே கதைதான். திருட்டுத்தனமா இனிப்பு தின்கிறேன்னு வீட்டுல ஆளாளுக்கு என்னை வறுத்து எடுத்தாங்க. டாக்டர்தான் கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, ‘உங்க மேல தப்பே இல்ல, தைராய்டு எகிறிக் கிடக்கு. அது அடங்கினாத்தான் சர்க்கரையும் அடங்கும்’னு சொன்னாங்க. அதுக்கு மருந்து சாப்பிட்டேன். நாலு மாசத்துல சர்க்கரை வழிக்கு வந்துச்சு.”

“அதெல்லாம் எனக்கு இருக்காது அக்கா. காலரைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க, போதும்.”

“மாட்டேன். முதல்ல டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வாங்க, அப்புறம்தான் ஊசியைத் தொடுவேன்.” அதட்டலாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் உடைந்தது. “நீங்க நல்லா இருந்தாத்தானே நாங்க நல்லா இருப்போம்?”

வந்தவள் தயங்கித் தயங்கித் தன் கழுத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்தாள். எச்சில் விழுங்கினாள். விரலுக்கடியில் மெத்தென்று ஏதோ மேலேறி இறங்கியது. அவள் முகம் மாறிவிட்டது.

தையல்காரி அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

“என் கழுத்துல ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்ச விரலு, சொந்தக் கழுத்துக்கு வந்து சேர இத்தனை நாளா, டாக்டரம்மா?”